பல்லியும் எலியும் இல்லாத வீட்டில்: நாய், பூனைகளுக்கான உணவுத் தேர்வு

“எங்க தாத்தா வீட்டு நாய் மிச்சச் சோறும் மோரும் குடிச்சே பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு. இப்ப மட்டும் எதுக்கு இந்தப் பாக்கெட்டெல்லாம்?” கால்நடை மருத்துவமனையில் காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கேள்வியில் நியாயம் உண்டு. அந்த நாய் நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது மிச்சச் சோற்றை மட்டும் நம்பி வாழவில்லை. பகலெல்லாம் கட்டில்லாமல் திரிந்தது, வயலில் எலி பிடித்தது, கறிக்கடை ஓரம் சவ்வும் எலும்பும் பொறுக்கியது. ஓட்டு வீட்டுப் பூனைக்கு எலி, பல்லி, ஓணான், வெட்டுக்கிளி என்று அன்றாடம் வேட்டை கிடைத்தது. வீட்டார் வைத்த பால்சோறு அதற்குக் கூடுதல் வரவு. அப்படியும் செத்துப்போன குட்டிகளை யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிழைத்த ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

அதே பூனை இன்று மூன்றாம் மாடியில் இருக்கிறது. பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம். நாய் காலையும் மாலையும் கழுத்துப் பட்டையோடு கீழே இறங்கி, வாயை வைக்கும் இடத்திலெல்லாம் அதட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறது. விபத்திலிருந்தும் நோயிலிருந்தும் அவற்றைக் காப்பாற்ற இது தேவைதான். ஆனால் நாம் கிண்ணத்தில் போடாத எதுவும் இனி அவற்றின் உடம்புக்குள் போக வழியில்லை. நாம் விட்டதை வெளியே தேடி ஈடுகட்டும் வாய்ப்பை எடுத்துவிட்டோம். கறி நல்லதா சோறு நல்லதா, பாக்கெட் நல்லதா வீட்டுச் சமையல் நல்லதா என்ற வாதங்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் கேள்வி இது: இந்தக் கிண்ணம் மட்டுமே வாழ்நாள் முழுக்க என்றால், அதில் எல்லாம் இருக்கிறதா?

நாயிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது நமக்கு நெருக்கமான வயிறு. 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு, ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு 2 படிகள் இருக்க, நாய்களுக்கு 4 முதல் 30 படிகள் வரை இருப்பதாகக் காட்டியது. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவன் அடுப்பங்கரையைச் சுற்றி வாழ்ந்த விலங்கு, அவன் சோற்றைச் செரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்த ஊர் இது. ஆகவே அரிசியும் தானியமும் நாய்க்கு நஞ்சு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதே சமயம், செரிப்பது வேறு, போதுவது வேறு. வெறும் தயிர்சாதத்தில் வயிறு நிறையும். புரதம் குறையும், துத்தநாகமும் செம்பும் அயோடினும் குறையும், வைட்டமின் ஈ-யும் டி-யும் குறையும். வெயிலில் படுத்தால் நமக்குத் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. நாய்க்கும் பூனைக்கும் அது போதிய அளவில் உண்டாவதில்லை, தீனியிலிருந்தே வந்தாக வேண்டும். முடி கொட்டுகிறது, தோல் செதில் செதிலாக உரிகிறது என்று ஷாம்பு மாற்றிக்கொண்டே இருக்கும் பல வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கிண்ணத்தைத்தான்.

பூனையின் கதை வேறு. அது ஊன் தின்னாமல் வாழவே முடியாத உடம்பு. இதை விஞ்ஞானம் தெரிந்துகொண்ட விதம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. டாரின் என்று ஓர் அமினோ அமிலம். தசையிலும் இதயத்திலும் நிறைய இருப்பது. நாம் அதை உடலுக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறோம், நாயும் பெரும்பாலும் அப்படியே. பூனையால் போதிய அளவு முடியாது. டாரின் இல்லாத தீனி கொடுத்த பூனைகளுக்கு விழித்திரை சிதைகிறது என்று 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்குப் பிறகும் 12 ஆண்டுகள் பூனைகள் இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன, காரணம் புரியவில்லை. 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பியனும் அவர் குழுவினரும் அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் தளர்ந்த இதயங்கள் தேறின. அந்தப் பூனைகளில் பல கடையில் வாங்கிய பாக்கெட் உணவைத்தான் தின்றுகொண்டிருந்தன. அதன் பிறகே நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. பாக்கெட்டில் அச்சான சொல்லுக்காக ஒரு தீனி முழுமையாகிவிடாது என்பதையும், தப்பு தெரிந்தபின் அதைத் திருத்த முடிந்தது என்பதையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி இது.

டாரின் மட்டுமல்ல. கேரட்டில் உள்ள நிறச்சத்தை நாம் வைட்டமின் ஏ-யாக மாற்றுகிறோம். பூனைக்கு அது கைகூடாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை விலங்குக் கொழுப்பிலிருந்து நேராகப் பெற வேண்டும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத உணவை ஒரே வேளை தின்றாலும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறி நிலைகுலையும். இனிப்பை உணரும் மரபணுகூடப் பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 2005-இல் அதை வெளியிட்டது. எனவே நாய்த் தீனியைப் பூனைக்கும் போட்டுச் சமாளிப்பது தவறு. சைவ வீடுகளில் பூனை வளர்ப்பவர்களிடம் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்: நாயை மருத்துவரின் துணையோடு, முட்டையும் பாலும் பருப்பும் கொடுத்துப் புலால் இல்லாமல் வளர்த்துவிடலாம். பூனையைத் தயிர்சாதத்தில் வளர்க்க முடியாது. வெளியே போகாத பூனைக்கு அது மெல்லக் கொல்லும் பட்டினி. வீட்டில் கறி சமைக்க மனம் இல்லையென்றால், முழுமையான பூனைத் தீனியைப் பாக்கெட்டாக வாங்கிக் கொடுப்பதே அதற்கு நாம் செய்யும் நியாயம்.

இதைக் கேட்டவுடன் சிலர் மறு எல்லைக்கு ஓடுகிறார்கள். குட்டிப் பூனைக்குத் தினமும் எலும்பில்லாத கோழிக்கறி, வேறெதுவும் இல்லை. பாசத்தில் செய்வதுதான், விளைவு கொடுமை. வெறும் தசையில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. நாற்காலியிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் ஒடிந்துபோனது என்று தூக்கி வருவார்கள். எக்ஸ்-ரேயில் எலும்பு நிழல்போல் வெளிறித் தெரியும். எலி தின்ற பூனை எலியை எலும்போடும் ஈரலோடும் தின்றது. நாம் தசையை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு, அதையே இயற்கை உணவு என்கிறோம்.

ஈரலும் அப்படியே. மலிவு, பூனைக்கு உயிர். வாரத்துக்கு ஒரு சிறு துண்டு நல்லது. தினம் தினம் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்ப முடியாமல் ஆகும். கடற்கரை ஊர்களில் மீன் கேள்வி வரும். மத்தி போன்ற எண்ணெய் மீன்களையே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ போதாமல் தோலடிக் கொழுப்பு அழன்று, தொட்டாலே பூனை கத்தும். சில மீன்களைப் பச்சையாகக் கொடுப்பதில் இன்னொரு கேடு: அவற்றில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், நரம்பு தளரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். கருவாட்டில் உப்பு ஏராளம். பால் பற்றியும் ஒரு வரி: வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. குடித்த மறுநாள் வயிற்றோட்டம் என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சரி, வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பது? அதை விரும்புகிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013-இல், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த நாய்ச் சமையல் குறிப்புகள் 200-ஐ எடுத்துக் கணக்கிட்டபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்து குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன. கோழி, சோறு, கேரட், பீன்ஸ் என்று பார்வைக்கு நிறைவாக இருக்கும். சுண்ணாம்பு, துத்தநாகம், அயோடின், வைட்டமின்கள் விடுபட்டிருக்கும். சமைக்கத்தான் வேண்டும் என்றால், நாயின் எடையையும் வயதையும் சொல்லி, எத்தனை கிராம் கறி, எத்தனை கிராம் சோறு, என்ன தாதுக் கலவை எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, தராசில் நிறுத்துப் போட வேண்டும். வாரத்துக்கொரு முறை கைக்கு வந்தபடி மாற்றினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். மறுபுறம், பாக்கெட் உணவு தின்னும் லாப்ரடார், கிரேட் டேன் குட்டிகளுக்குக் கடைக்காரர் சொன்னார் என்று கால்சியம் டானிக்கும் ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். பெரிய இனக் குட்டிகளின் உடம்பு கூடுதல் கால்சியத்தை வெளியே தள்ளாமல் ஏற்றுக்கொள்கிறது. எலும்பும் மூட்டும் கோணி வளர்கின்றன. கால் வலுவாக வேண்டும் என்று ஊற்றியதே காலைக் கெடுக்கிறது.

பாக்கெட் தொழிலுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860 வாக்கில் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் பொரித்த உருண்டை வடிவம் 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. அந்த வரலாற்றில் கறைகள் உண்டு. 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்ட மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. சிறுநீரகத்தில் படிகம் அடைத்து நாய்களும் பூனைகளும் மாண்டன. 2018-இல் இன்னொரு எச்சரிக்கை. தானியமில்லா உணவு என்று கூடுதல் விலைக்கு விற்ற, பட்டாணியும் பருப்பும் மிகுந்த தீனிகளைத் தின்ற நாய்களுக்கு இதயம் விரிவடையும் நோய் வருவதாக வந்த புகார்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. காரணத்தை உறுதிசெய்ய முடியாமல் 2022 இறுதியில் தொடர் அறிவிப்புகளை நிறுத்திக்கொண்டது. எது காரணம் என்று தெரியாவிட்டாலும், மருத்துவர் சொன்ன தேவை எதுவும் இல்லாமல் தானியத்தை ஒதுக்கிய தீனிக்கு அதிக விலை கொடுப்பதில் பொருள் இல்லை என்பது என் முடிவு.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலங்குத் தீவனத்தை உணவு என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. ஆகவே வாங்குபவரே லேபிள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கப் படமும் பெரிய எழுத்தும் விளம்பரம். பின்பக்கச் சிறிய எழுத்தில்தான் செய்தி இருக்கிறது. முதலில் தேட வேண்டியது, இது முழுமையான, சமச்சீரான உணவா, எந்த வயதுக்கு என்ற வரி. சில ஈர உணவுப் பாக்கெட்டுகளில் துணை உணவு என்று மட்டும் இருக்கும். அதையே தினம் மூன்று வேளையும் கொடுத்தால் மேலே சொன்ன குறைகள் எல்லாம் வரும். ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் பெயர் பல பாக்கெட்டுகளில் இருக்கும். அது அளவுகோலை வகுக்கிறது, எந்தத் தீனியையும் சோதித்துச் சான்று தருவதில்லை. அந்த அளவுகோலுக்குக் கணக்குப்படி பொருந்துகிறதா, விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்று அந்த வரியே சொல்லும். அதே அமைப்பின் பெயரிடும் விதிப்படி ‘கோழியுடன்’ என்று போட 3 விழுக்காடு கோழி இருந்தால் போதும். ‘கோழிச் சுவை’ என்றால் அதுவும் வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு எல்லோரையும் ஏமாற்றுகிறது. உலர் உணவில் புரதம் 30 விழுக்காடு, ஈர உணவில் 9 என்று பார்த்ததும் உலர் உணவே சத்து என்று தோன்றும். ஈர உணவில் 80 விழுக்காடு தண்ணீர். மீதமுள்ள 20-இல் 9 என்றால் 45 விழுக்காடு. உலர் உணவில் தண்ணீர் 10. மீதி 90-இல் 30 என்றால் 33. ஒப்பிட வேண்டியது இந்த எண்களை. பூனைக்கு அந்தத் தண்ணீரும் மருந்துதான். பாலைநிலத்து மூதாதையின் வழி வந்த அது தாகத்தைக் குறைவாகவே உணர்கிறது. சித்திரை வெயிலில் உலர் உணவு மட்டும் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். ஒரு வேளையாவது ஈர உணவோ, உப்பில்லாத கோழி வேகவைத்த நீரோ கொடுப்பது நல்லது.

எந்த நிறுவனம் என்று கேட்பவர்களுக்கு, உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் சில கேள்விகளை வகுத்திருக்கிறது: தீனியை வகுத்தவர் விலங்குச் சத்துணவு படித்தவரா, தயாரிப்பு யாருடைய ஆலையில், தரச் சோதனை என்ன. நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வருகிறதா என்பதே பாதி விடை.

பச்சைக் கறி ஊட்டும் மோகம் நகரங்களில் பரவுகிறது. அதில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி விலங்கோடு நிற்காது, கிண்ணம் கழுவும் கைக்கும் தரையில் தவழும் குழந்தைக்கும் வரும். ஆட்டு ஈரலும் நுரையீரலும் பச்சையாகத் தின்ற நாயின் வயிற்றில் ஒருவகை நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை மனிதருக்குள் போனால் ஈரலில் பெரிய நீர்க்கட்டியாகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகனில், உறைந்த பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக் காய்ச்சலில் இறந்தது. வேகவைத்துக் கொடுங்கள். எலும்பை மட்டும் வேகவைத்துக் கொடுக்காதீர்கள். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

இனி தின்பண்டம். வீட்டு விலங்குகள் அதிகம் கெடுவது இங்கேதான், அதுவும் அன்பினால். பொதுவான விதி, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாது என்பது. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும், தின்பண்டத்துக்கு 60. ஒரு மாரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25. அப்பா காபியோடு இரண்டு, பாட்டி ஒன்று, பள்ளியிலிருந்து வந்த பிள்ளை இரண்டு என்றால் இருமடங்கு ஆகிவிட்டது. யாரும் அதிகம் கொடுத்ததாக நினைக்கவில்லை. 4 கிலோ பூனைக்கு அந்தப் பங்கு வெறும் 20 கலோரி, ஒரு பிஸ்கட்டே அதைத் தாண்டும். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தது. குறைவாகத் தின்றவை சராசரியாக 13 ஆண்டு, மற்றவை 11.2 ஆண்டு வாழ்ந்தன என்று 2002-இல் முடிவு வெளியானது. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள்! எந்த டானிக்காலும் வாங்க முடியாத காலம் அது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் குறையுங்கள்.

கடையில் தொங்கும் உலர்கறித் துண்டுகளிலும் எச்சரிக்கை வேண்டும். சீனாவில் தயாரான அத்தகைய கோழி, வாத்துத் துண்டுகளைத் தின்று சிறுநீரகமும் குடலும் கெட்டதாக 2007 முதல் அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. 2014-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல் பதிவானது; உறுதியான காரணம் கிடைக்கவேயில்லை. நாய்க்கு வேண்டியது உங்கள் கையிலிருந்து எதையாவது பெறும் மகிழ்ச்சி. வேகவைத்த கோழியின் சிறு நறுக்கு, வெள்ளரித் துண்டு, கேரட், பூசணி, வேகவைத்த முட்டை, கொட்டை நீக்கிய தர்பூசணி எல்லாம் அதற்குப் போதும். பூனைக்கு ஒரு விரல் நுனி அளவு வெந்த மீன். அன்றைய தீனியிலிருந்தே பத்து உருண்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும் நாய் வித்தியாசம் பார்ப்பதில்லை.

நம் சமையலறையில் உள்ள நஞ்சுகளை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாம்பார் சோறு வைப்பது சாதாரணம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் பொடியானாலும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம் போதும். திராட்சை நாய்களின் சிறுநீரகத்தை ஏன் கெடுக்கிறது என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாகலாம் என்ற கருத்து 2021-இல் வந்தது. அடுத்த ஆண்டு, அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்ததை ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. புளி இல்லாமல் நாள் போகாத வீடுகள் நம்முடையவை. புளிக்குழம்பும் புளியோதரையும் கிண்ணத்துக்குப் போக வேண்டாம். புளி உருண்டையை எட்டாத உயரத்தில் வையுங்கள். சர்க்கரைப் பொங்கல், பாயசத்தில் உலர் திராட்சை இருக்கும். சர்க்கரை இல்லா மிட்டாய், சூயிங்கம்மில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், லேபிளில் சில நேரம் இ967 என்று. நாயின் எடை கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இரத்தச் சர்க்கரை சரியும். சாக்லேட்டில் நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்து: 10 கிலோ நாய்க்குப் பால் சாக்லேட் 100 கிராமில் தொடங்கும் அறிகுறிகள், இனிப்பில்லாத சமையல் சாக்லேட்டில் 15 கிராமுக்குள் தொடங்கிவிடும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாமல், உறையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதையெல்லாம் படித்து நாளைக் காலையே கிண்ணத்தை மாற்றிவிட வேண்டாம். நாய்க்கு ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து மாற்றுங்கள். பூனைக்கு இன்னும் நிதானம் வேண்டும். குட்டியில் பழகாத சுவையை அது வளர்ந்தபின் எளிதில் ஏற்பதில்லை, சில பூனைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடுவது நாய்க்குச் சரிப்படலாம். பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து, கண்ணும் ஈறும் மஞ்சள் பூக்கும். ஒரு முழுநாள் தீனியைத் தொடவில்லை என்றால் பழைய தீனியையே திரும்ப வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.